திருடி நட்ட குரோட்டன்ஸ்

"அழுவணுமா வேணாமான்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்."

ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோல்தான் கொளஞ்சியம்மாள் இதைக் கேட்டாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுசாக உட்கார்ந்தால் யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது எங்கள் 'நிர்மலா துப்பறியும் நிலையம்'. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா, வரப்புக் கல்லை நகர்த்தியது யார் என்பது மாதிரியான உலகப் பிரச்சினைகளைத்தான் நாங்கள் தீர்த்து வைப்போம். நிறுவனர் நிர்மலா மேடம் முன்பு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். போன ஆடியில் அவர் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மேடம் அழவில்லை. அதற்குப் பிறகு சிரிக்கவும் இல்லை. சிவசங்கராகிய நான் உதவியாளன். பைக் ஓட்டுவேன், டீ வாங்குவேன், அவரைச் சிரிக்க வைக்க முயல்வேன். முதல் இரண்டு வேலைகளில் எனக்கு நல்ல பெயர்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

கொளஞ்சியம்மாள் நைனார்பாளையத்துக்காரி. கரும்பு வெட்ட, களையெடுக்கக் கூலிக்குப் போகிறவள். மகள் செவ்வந்தி ஊர்ப்பக்கத்து நர்சரியில் வேலை செய்தாள். போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்றார்கள் பாதிப்பேர். கிணற்றில் தேடுங்கள் என்றார்கள் மீதிப்பேர்.

"செத்துட்டான்னா தல முழுவிட்டு ஒப்பாரி வெச்சி அழுதுடுவேன். இருக்கான்னா வாய மூடிக்கினு இருப்பேன். ரெண்டும் தெரியாம சோறு துன்னுக்கினு இருக்கறேன். உப்பு ஒறப்பு தெரியலம்மா. நாக்கு மரத்துப்பூட்ச்சி."

பக்கத்தில் நின்ற அவள் மகன் செல்போனை நீட்டினான். பெயர் சந்தோஷ். அந்தப் பெயரை வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

"போன வாரம் எனக்கு இந்த போட்டோ வந்துச்சி மேடம். திருப்பூர் நம்பரு. 'நல்லா இருக்கேன், தேடாதீங்க'ன்னு. நேரா போயி அந்த நம்பர்காரிய புடிச்சேன். மில்லுல வேல செய்ற பொண்ணு. எவளோ அனுப்பிச்சத அனுப்பிவுட்டேன்றா. அதுக்கு மேல வாயத் தொறக்கல. நீங்க எடத்த மட்டும் கண்டுபுடிச்சி சொல்லுங்க. நீங்க அங்க போவக்கூட வேணாம். மீதிய நாங்க பாத்துக்கறோம்."

படத்தில் ஒரு பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் நின்றாள். பக்கத்தில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு குரோட்டன்ஸ். பின்னால் புதர் வேலி. இதை வைத்து இடம் கண்டுபிடிப்பதைவிடக் கிளி ஜோசியம் பார்ப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. மேடம் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு இருவரையும் அனுப்பி வைத்தார்.

"ஒண்ணு கவனிச்சியா சிவா? அம்மா 'உயிரோட இருக்காளா'ன்னு கேட்டாங்க. அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. எங்கேன்னு மட்டும்தான் கேட்டான்."

"அவசரக்காரன் போல."

"அதான் எதுக்கு அவசரம்னு யோசிக்கறேன்." படத்தைப் பெரிதாக்கினார். "இது என்ன செடி?"

"இதுகூட தெரியாதா மேடம்? குரோட்டன்ஸ். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க்னு எங்க பாத்தாலும் நிக்குமே."

"பேர்தான் குரோட்டன்ஸ். தாவரவியல்ல இது கோடியேயம். நிஜக் குரோட்டன் வேற பேரினம். சின்னசேலம் ஸ்டேஷன்ல தண்டவாளத்தோரம் ஒரு களை மண்டிக் கிடக்குமே, அதுதான் நிஜக் குரோட்டன்ல ஒண்ணு."

"அப்ப ஷோக்கா நிக்கறவன் டூப்ளிகேட்டு, தண்டவாளத்துல கெடக்கறவன் ஒரிஜினலா? எங்க மாமன் வூட்டு கத மாதிரியே இருக்கு மேடம்."

சிரிக்கவில்லை. "ரெண்டும் ஆமணக்குக் குடும்பம். மரவள்ளியும் அதே குடும்பம்தான்."

"பங்காளிங்கன்னு சொல்லுங்க."

"இந்த இலையைப் பார்."

பார்த்தேன். பாதி வரை ஒழுங்கான இலை. அப்புறம் நடு நரம்பு மட்டும் நூலாக இறங்கி, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கியது. மஞ்சள் கரை, நடுவில் ரத்தச் சிவப்பு.

"வால் மொளச்சிக்குது மேடம்."

"வால் இலை ரகம் உண்டு. இந்த நிறக் கலவையோட நான் பார்த்ததில்லை. சில சமயம் ஒரு செடியில ஒரே ஒரு கிளை மட்டும் புதுசா மாறி வரும். விதை போட்டா அந்த மாற்றம் அப்படியே வராது. கிளையை ஒடிச்சு நடணும், இல்ல பதியம் போடணும். அதனால இந்த இலை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இருக்கறது ஒரே செடியோட துண்டு. கைரேகை மாதிரி வெச்சுக்கோ."

"பின்னாடி காஞ்சுபோன வேலி ஒண்ணு நிக்குதே, அதுக்கும் ரேகை பாக்கலாமா?"

"காயலை. காத்துல திரும்பின இலையைப் பார். அடியில வெள்ளி பூசின மாதிரி இருக்கு. பழுத்த இலை காவி நிறம். அதுவும் நிஜக் குரோட்டன் ஜாதிதான், ஆனா காட்டு ஓரத்துப் புதர். திருப்பூர் மில் வாசல்ல நிக்காது."

நைனார்பாளையம் நர்சரிக்குப் போனோம். உரிமையாளர் ராஜாங்கம் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே எங்களை நிற்க வைத்தே பேசினார். படத்தைப் பார்த்ததும் தொடையைத் தட்டினார்.

"இது எந்தோட்டத்துல எடுத்ததுங்க! இந்த வால் எல ஒலகத்துலயே எங்கிட்ட மட்டுந்தான் வந்துச்சி. செவ்வந்திதான் மொதல்ல பாத்தா. அவளே பதியம் கட்டுனா. ஒண்ணே ஒண்ணுதான் வேர் வுட்டுச்சி. தாய்ச்செடி மழயில அழுவிப் பூட்ச்சி. அப்பறம் அந்த ஒரு செடியையும் காணோம், பொண்ணையும் காணோம்."

"படம் இங்கதான் எடுத்ததுன்னு உறுதியா சொல்றீங்களா?" என்றார் மேடம்.

"பின்ன? வேற எங்க இருக்கு இந்தச் செடி? யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

படம் பழசு என்றால், எவனோ செத்துப்போனவள் படத்தை அவள் உயிரோடு இருக்கிற மாதிரி அனுப்பியிருக்கிறான். கொளஞ்சியம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபோது ஒரு ஜோக்கும் வரவில்லை.

மேடம் அண்ணாந்து வலையைப் பார்த்தார். "அந்தப் பதியச் செடி எங்க வெச்சிருந்தீங்க?"

"இங்கதான், வலைக்கு அடியில. என் முட்டி ஒசரம் இருக்கும்."

"யாரெல்லாம் செடி வாங்க வருவாங்க?"

"எல்லாருந்தான். கல்ராயன் மலக்காரங்க வந்து பலா, எலுமிச்சங்கன்னு வாங்கிக்கினு போவாங்க."

மேடம் நன்றி சொல்லிவிட்டு நடந்தார். பைக்கில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வலைக்கு அடியில இருக்கற குரோட்டன்ஸ் எல்லாம் எப்படி இருந்தது?"

யோசித்தேன். "பச்சையா இருந்துச்சி. கொஞ்சம் மஞ்சப்புள்ளி."

"நிழல்ல அப்படித்தான். வெயில் பட்டாதான் சிவக்கும். படத்துல இருக்கற செடி முழுக்கச் சிவந்திருக்கு. முட்டி உயரம் இடுப்பு உயரமாகியிருக்கு. இங்கிருந்து போனப்புறம் ரொம்ப நாள் திறந்த வெயில்ல வளர்ந்த செடி. அது பக்கத்துல அவ நிக்கறா."

"அப்படின்னா இருக்கா!"

"படம் எடுத்த அன்னைக்கு இருந்தா."

"அத ராஜாங்கத்துகிட்ட சொல்லாம வந்துட்டீங்களே. மனுஷன் தப்பா நெனச்சிக்கினு இருக்காரு."

"நினைச்சுக்கட்டும்" என்றார். சில சமயம் இவருடைய பதில்களுக்கு உரை எழுத ஆள் வைக்க வேண்டும்.

காட்டோரப் புதரும் நர்சரிக்கு வந்த மலைக்காரர்களும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள். மறுநாள் கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலைப்பாதையில் ஏறினோம். கரியாலூரைக் கடந்ததும் குளிர் சட்டைக்குள் வந்தது. மேடம் பின்னால் மூட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்ராயன் மலையில் கிராமங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். எந்தக் கதவைத் தட்டுவது? பெயரைச் சொல்லி விசாரித்தாலோ விஷயம் காட்டுத்தீயாகப் பரவி, பறவை பறந்துவிடும்.

"ஆளைத் தேட வேண்டாம். செடியைத் தேடு" என்றார் மேடம்.

வெள்ளிமலையில் டீ குடிக்க நிறுத்தினோம். கடை வாசலில் ஓட்டை பக்கெட்டில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கன்று. நாலே இலை. நாலுக்கும் வால்.

கடைக்காரி சாலம்மாளிடம் மேடம் கேட்டார். "செடி அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?"

சாலம்மாள் பாலை ஆற்றுவதில் மும்முரமானாள். "அது... தானா வந்துச்சிங்க."

"குரோட்டன்ஸ் பக்கெட்டுக்குள்ள தானா நடந்து வருமாக்கா?" என்றேன். "எங்க ஊர்ல தண்ணி லாரியே தானா வர மாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னாள். "கேட்டு வாங்குனா துளுக்காதுங்க. திருடி வெச்சாத்தான் வரும். பூசாரி வூட்டு வேலியில ஒடிச்சேன். சொல்லிப்புடாதீங்க."

பூசாரி வீட்டுச் செடி முட்டி உயரம் இருந்தது. பூசாரி திருநீற்றுப் பட்டையோடு வெளியே வந்தார். "சாமி சத்தியமா நான் ஒடிக்கலிங்க" என்று ஆரம்பித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, "என் சம்சாரந்தான்" என்று முடித்தார். சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஓடைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டுக்குள் இருக்கிற எழில்மதி வீட்டைக் கைகாட்டினாள்.

எழில்மதி வீட்டில் செடி தொடை உயரம். இவள் முதலில் கோபப்பட்டாள், அப்புறம் வெட்கப்பட்டாள், கடைசியில் ஒப்புக்கொண்டாள். இவள் திருடியது பாதை முடிகிற இடத்தில் இருக்கும் வேடியப்பன் வீட்டில்.

"மேடம், மலையே திருட்டுக் கூட்டமா இருக்கு. ஒரு குரோட்டன்ஸுக்கு எல்லாரையும் உள்ள தள்ளணும்."

"செடி உயரமாகிட்டே போகுது சிவா. வழி சரிதான்."

பாதை முடிந்த இடத்தில் தகரக் கூரை வீடு. வாசலில் இடுப்பு உயரத்துக்குச் செக்கச்செவேலென்று அந்தக் குரோட்டன்ஸ் நின்றது. ஒரு கிளை பாக்கியில்லாமல் ஒடிக்கப்பட்டு, ஒடித்த இடத்திலெல்லாம் மறுபடி துளிர்த்திருந்தது. பின்னால் வேலியில் காற்றடித்தபோது இலைகள் வெள்ளியாகத் திரும்பின.

சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். எழுந்திருக்கச் சிரமப்பட்டாள். நிறைமாதம். முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஓடவில்லை, கத்தவில்லை.

"அண்ணன் அனுப்பிச்சாரா?"

மேடம் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"இருங்க, செருப்பு போட்டுக்கறேன். அவரு காட்டுக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள போயிடலாம். என்னைய இன்னா வேணா பண்ணிக்கட்டும். அவர மட்டும் தொட வேணாம்னு எங்கண்ணங்கிட்ட சொல்லுங்க."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல்தான் சொன்னாள். நிஜமாகவே செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மாவின் அதே குரல்.

மேடம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். விஷயம் மெல்ல வந்தது. நாற்று வாங்க வந்த வேடியப்பனைப் பிடித்துப்போயிற்று. மலைக்காரனைக் கட்டினால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று சந்தோஷ் ஊர்ப் பொது இடத்தில் நின்று சொன்னான். அரிவாளையும் காட்டினான். மறுவாரம் இவள் கிளம்பிவிட்டாள்.

"அம்மாக்கு போன் இல்லக்கா. பொறக்கறதுக்கு முன்ன நான் உசுரோட இருக்கறத மட்டும் அதுங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சி. வயிறு தெரியாதப்ப எடுத்த போட்டோவ கூடப் படிச்சவ மூலமா அண்ணன் போனுக்கு அனுப்பிச்சேன். படத்தப் பாத்து இங்க வந்துடுவாங்கன்னு நெனைக்கல."

"படம் மட்டும் காட்டிக் கொடுக்கலை. செடியை இத்தனை பேர் ஒடிச்சிருக்காங்களே, தெரியுமா?"

"தெரியும்க்கா. யாராவது வேலிகிட்ட வந்து நின்னா உள்ள போயிடுவேன். நான் பாத்துட்டா அவங்களுக்குத் துளுக்காதுல்ல."

பெயரை மறைத்தவள், போனை மறைத்தவள், இதை மட்டும் மறைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

"புடுங்கிப் போட்டுடட்டுமாக்கா?"

"வேண்டாம். உங்கண்ணனுக்குச் செடி பார்க்கற கண் கிடையாது." மேடம் எழுந்தார். "நான் என்ன சொல்லணும் அவங்கிட்ட?"

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். "செத்துட்டேன்னு சொல்லிடுங்க."

இறங்கும்போது வழியெல்லாம் வாதாடினேன். அண்ணனிடம் பொய் சொல்லலாம், தப்பில்லை. அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பெற்றவளை உயிரோடு கொல்வதுதானே அது? தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"அவன் தனியா விட மாட்டான். அவளுக்கும் முகத்துல மறைக்கத் தெரியணும். மகள் செத்துட்டாள்னு கேட்டும் அழாம உட்கார்ந்திருந்தா அவன் கண்டுபிடிச்சிடுவான்." அடுத்த வளைவு தாண்டியதும், "அழுகை வராதவங்களை எல்லாரும் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க. எனக்குத் தெரியும்" என்றார். அவர் கணவரைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

நைனார்பாளையத்தில் கொளஞ்சியம்மாள் வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது சந்தோஷ் கதவை ஒட்டி நின்றுகொண்டான். மேடம் சொன்னதுபோலவே அவன் அம்மாவைத் தனியாக விடவில்லை.

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படம் பழசு. ராஜாங்கம் நர்சரியில எடுத்தது. நீங்களே போய்க் கேட்டுக்கலாம். அந்தச் செடி வேற எங்கயும் கிடையாதுன்னு அவரே சொல்றார். உயிரோட இருக்கறவ எதுக்குப் பழைய படத்தை அனுப்பணும்? யாரோ உங்களைத் திசை திருப்பறாங்க. என் முடிவு, உங்க தங்கச்சி உயிரோட இல்லை."

இதற்குத்தான் ராஜாங்கத்தைத் திருத்தாமல் வந்தாரா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சந்தோஷ் நெற்றியைச் சுருக்கினான். "யாரு செஞ்சிருப்பாங்க?"

"அதைப் போலீஸ்தான் சொல்லணும். இன்னைக்கே கொலைன்னு புகார் கொடுத்துடலாம். ஸ்டேஷன்ல முதல் கேள்வி, அவளை வெட்டறேன்னு கடைசியா ஊர் நடுவுல சொன்னது யாருன்னுதான் இருக்கும். சாட்சிக்கு ஊரே இருக்கு. கிளம்பலாமா?"

அவன் முகம் வெளிறியது. நாக்கால் உதட்டைத் தடவினான். "இல்ல மேடம்... போனவ போயிட்டா. இனிமே அத கிளறி இன்னா ஆவப்போவுது. வுட்டுடுங்க." போனை எடுத்துக்கொண்டு, யாரையோ அவசரமாகக் கூப்பிட்டபடி தெருப்பக்கம் போனான்.

கொளஞ்சியம்மாள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பாவிகள் என்று தோன்றியது.

மேடம் குனிந்து அவள் தோளைத் தொட்டார். நிதானமாக, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"போய்ட்டு வரேங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இழவு வீட்டில் யாராவது போய்ட்டு வரேன் என்று சொல்வார்களா? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதானே முறை? போன ஆடியில் மேடம் வீட்டிலிருந்து நாங்கள் அத்தனை பேரும் அப்படித்தான் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். அவர் வாசல் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கா இது தெரியாது?

கொளஞ்சியம்மாளின் அழுகை அறுத்ததுபோல் நின்றது. ஈரக் கண்ணோடு மேடத்தை ஏறிட்டுப் பார்த்தாள். தெருப்பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு உதடு அசையாமல் கேட்டாள்.

"எளச்சிட்டாளா?"

மேடம் இல்லை என்று தலையசைத்தார். தன் வயிற்றுக்கு முன்னால் கையை வைத்து, பெரிதாக ஒரு வளைவு காட்டினார்.

அந்த அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முந்தானையை எடுத்துவிட்டு, முன்னைவிடப் பெரிதாக, தெருவே கேட்கும்படி அழ ஆரம்பித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். மேடமும் அழுதுகொண்டிருந்தார்.

உள்ளே வந்த சந்தோஷ் பக்கத்தில் குந்தி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "வுடும்மா. அழுவாதம்மா."

"அழுவ வுடுடா" என்றாள் கொளஞ்சியம்மாள். "ஒரு வருஷம் ஆச்சுடா."